புற்றுக் காளானைத் தோண்டி எடுங்கள். நச்சுக் காளானைத் தவிருங்கள்

பருவ மழை பெய்தவுடன் கறையான் புற்றுகளைச் சுற்றிப் புற்றுக் காளான்கள் முளைக்கின்றன. சுவைமிக்க இவற்றைக் கிராம மக்கள் விரும்பிப் பறித்துச் சமைக்கின்றனர். ஆனால் அதே மழையில் மேய்ச்சல் நிலத்திலும் தோப்புப் புல்தரையிலும் ஒரு நச்சுக் காளானும் வெண்குடை விரிக்கிறது. 'குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ்' என்பது அதன் அறிவியல் பெயர். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும்.

வேரைப் பாருங்கள்

கறையான்கள் தாம் தின்ற இலை, மரத்துகள் ஆகியவற்றின் கழிவைக் கொண்டு புற்றினுள் கூடு கட்டி, அதில் பூஞ்சையை வளர்க்கின்றன. அப்பூஞ்சையே மண்ணைத் துளைத்து வெளிவந்து காளானாகிறது. ஆகவே பெரிய புற்றுக் காளானின் காம்பு, மண்ணுக்குள் வேர்போல் நீண்டு கறையான் கூடு வரை செல்லும். பிடுங்கினால் இது அறுந்துவிடும். எனவே களைக்கொத்தியால் தோண்டி எடுக்க வேண்டும். நச்சுக் காளானுக்கு இத்தகைய நீண்ட வேர் இல்லை; காம்பின் அடி சற்றே பருத்து முடிந்துவிடும்.

குடையைப் பாருங்கள்

புற்றுக் காளானின் குடை நடுவில் முனைபோல் புடைத்திருக்கும். நச்சுக் காளானின் குடை மீது பழுப்புச் செதில்கள் காணப்படும். காம்பிலுள்ள வளையத்தை மட்டும் நம்பக் கூடாது. தென்னிந்தியாவிலிருந்து 1979-இல் விவரிக்கப்பட்ட 'டெர்மிட்டோமைசிஸ் ஹைமி' என்ற உண்ணத்தக்க புற்றுக் காளானுக்கும் வளையம் உண்டு.

வித்துத்தூள் சோதனை

விரிந்த குடையைக் காம்பு நீக்கி, அடிப்புறம் கீழாக வெள்ளைத் தாளில் வைத்துக் கிண்ணத்தால் மூடுங்கள். மறுநாள் காலையில் தாளில் தூள் படிந்திருக்கும். புற்றுக் காளானின் தூள் இளஞ்சிவப்பு. நச்சுக் காளானின் தூள் மங்கிய பச்சை. மொட்டுகளில் இச்சோதனை பலிக்காது. இளம் பருவத்தில் இரண்டின் அடித்தகடுகளும் வெண்மையே. ஆகவே வேர் தெரியாத மொட்டுகளை ஒதுக்குவதே நலம்.

தவறான நம்பிக்கைகள்

வெள்ளிக் காசு கறுத்தால் நஞ்சு, பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பவை ஆதாரமற்றவை. மஞ்சளோ பூண்டோ நஞ்சை முறிக்காது. 'அமானிட்டா' இனத்தின் கொடிய வகைகளில் உள்ள நஞ்சு வேகவைத்தாலும் அழியாது.

மேற்கண்ட அடையாளங்கள் அனைத்தும் பொருந்தி, அனுபவமுள்ளவரும் உறுதி செய்தால் மட்டுமே சமைக்க வேண்டும். ஓர் அடையாளம் பொருந்தாவிட்டாலும் எறிந்துவிடுங்கள். கறையான் மருந்து ஊற்றிய புற்றிலிருந்து எந்தக் காளானையும் எடுக்கக் கூடாது.

நஞ்சு ஏறினால்

பச்சைத்தூள் காளானைத் தின்றவருக்கு 1 முதல் 3 மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் தொடங்கும். நீரிழப்பால் குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். 6 மணி நேரத்திற்குப் பின் தொடங்கும் வாந்தி இன்னும் அபாயகரமானது. இடையில் குணமானதுபோல் தோன்றினாலும் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கலாம். கைவைத்தியத்தில் காலம் கடத்தாமல், மீதமுள்ள காளானையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

புற்றுக் காளானைக் கறையான் துணையின்றிப் பண்ணையில் வளர்க்க இயலவில்லை. ஐயமின்றிக் காளான் உண்ண விரும்புவோர், வைக்கோலில் எளிதில் வளரும் சிப்பிக் காளானையோ பால் காளானையோ பயிரிட்டுப் பயன்பெறலாம்.