பளிங்குத் தண்ணி... பத்திரமான தண்ணியா?

ராஜபாளையத்துலயோ ஸ்ரீவில்லிபுத்தூர்லயோ காலேஜ் முடிச்சு, பஸ்ல இடிபட்டு ஆலங்குளத்துல இறங்குறீங்க. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் பானைத் தண்ணி, ஒரே மடக்கு! 'பளிங்கு மாதிரி இருக்கே'ன்னு நம்பித்தான் ஃப்ரெண்ட்ஸ் ஏமாறுறோம். டைஃபாய்டு, காலரா கிருமிகள் கண்ணுக்குத் தெரியாது. தண்ணியோட ருசியும் மாறாது.

கண்டுபிடிக்க ஈஸியா ஒரு வழி இருக்கு. குவாலியர் ராணுவ ஆய்வு நிறுவனத்தின் மஞ்சா, மௌரியா, ராவ் என்ற மூவர் 1982-ல் வெளியிட்டது. குட்டி பாட்டிலுக்குள் மருந்தில் நனைத்துக் காயவைத்த காகிதம் இருக்கும். கோடு வரைக்கும் தண்ணி ஊற்றி, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். மலக்கழிவோடு வரும் பாக்டீரியாக்கள் இருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உண்டாகும். அது மருந்திலுள்ள இரும்போடு சேர்ந்தால்... 24 முதல் 48 மணி நேரத்துக்குள் தண்ணி கன்னங்கரேல்!

கறுத்துப் போச்சா? அந்தத் தண்ணியைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீங்க. கறுக்கலையா? உடனே துள்ள வேண்டாம். இது முதல்கட்ட சோதனைதான். இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) ரொம்பக் கறார்: 100 மில்லி தண்ணியில் ஒரு ஈ-கோலைகூடத் தென்படக் கூடாது!

அதை உறுதி செய்ய குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கு. கிருமி நீக்கிய பாட்டிலைக் கழுவாமல், வாயில் விரல் படாமல் தண்ணி பிடிச்சு, ஐஸில் வெச்சு அன்றைக்கே கொடுத்துடுங்க.

செல்போனுக்கு தினமும் சார்ஜ் ஏத்துறோம். நாம குடிக்கிற ஹாஸ்டல் டிரம்மை, கேன்டீன் குழாயை ஒரு தடவையாவது சோதிச்சோமா? இந்த வாரமே ஆரம்பிங்க!