உப்பேரிப் படகும் உருளைத் தேய்மானமும்

2022 ஏப்ரலில் பழைய சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துத் திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டபோது சூளூர்ப்பேட்டையும் தடாவும் அதற்குள் வந்தமையால், பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பகுதி ஏழுமலைகளையுடைய அதே மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் அடங்கிற்று. இந்தியாவில் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர்க் காயலான இவ்வேரியின் பெரும்பரப்பு ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழமே உடையது. சித்தூர்ப் பகுதிக் குன்றுகளில் தோன்றிப் பிச்சாட்டூர் வழியே வரும் ஆரணியாறு போன்றவை கொணரும் வண்டலும் கடல் தள்ளும் மணலும் அதன் அடியில் படிந்துள்ளன. படகின் பின்புறம் பூட்டப்படும் இருவீச்சு இயந்திரம், அதாவது மெக்கானிக்குகள் ‘டூ-ஸ்ட்ரோக்’ என்று சொல்லும் வகை, தன்னைச் சூழ்ந்த நீரையே உறிஞ்சிக் குளிர்ச்சி பெறுவதால், அதன் ஆயுளை உப்பும் சேறும் பெரிதும் தீர்மானிக்கின்றன எனலாம்.

1891இல் இங்கிலாந்தின் ஜோசப் டே காப்புரிமை பெற்ற அமைப்பிலிருந்து வளர்ந்த இவ்வியந்திரத்தின் எளிமையே அதன் பலவீனமும் ஆகும். மேலும் கீழுமாக ஓடும் பிஸ்டன், மேற்புறத்தில் எரிகலவையை அழுத்தும்போதே, கீழ்ப்புறத்தில் கிராங்க் தண்டு சுழலும் அறைக்குள் புதிய கலவையை இழுத்துக்கொள்கிறது. இறங்கும்போது அதை உருளைச் சுவரிலுள்ள துளைகளின் வழியே மேலே அனுப்புகிறது. ஆகவே நான்குவீச்சு இயந்திரத்தில் எண்ணெய்த் தொட்டியாக மட்டும் இருக்கும் கீழறை, இங்கே ஒரு காற்றழுத்தியாகவும் வேலை செய்யவேண்டியுள்ளது. எண்ணெயும் எரிபொருளோடு கலந்தே வருகிறது.

பழுது பார்க்கப் பிரித்தவுடன் பலர் உருளையின் உட்சுவரை விரலால் தடவிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். விரலுக்கு எட்டும் தேய்மானம் எப்போதோ எல்லை கடந்த தேய்மானமாகும். முறைப்படி, மேல், நடு, கீழ் என மூன்று மட்டங்களில், கிராங்க் தண்டின் வாட்டத்திலும் அதற்குக் குறுக்காகவும், ஆறு இடங்களில் விட்டத்தை அளக்கவேண்டும். எரிவளியின் அழுத்தம் பிஸ்டன் வளையத்தின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு நெருக்கும் மேற்பகுதியில் எண்ணெய்ப் படலம் மெலிந்திருப்பதால் அங்கே தேய்வு மிகுதி. பிஸ்டன் பக்கவாட்டில் சாயும் குறுக்குத் திசையில் தேய்ந்து வட்டம் நீள்வட்டமாவதும் உண்டு.

உள்விட்டக் கருவி இல்லாத பட்டறையிலும் இதைக் கணிக்க ஓர் அழகான வழி இருக்கிறது. புதிய வளையம் ஒன்றை உருளைக்குள் விட்டு, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கிடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் எனும் மெல்லிய எஃகுத் தகடுகளால் அளந்தால் போதும். விட்டம் பெருகினால் சுற்றளவு அதைப்போல் 3.14 மடங்கு பெருகுமாகையால், சுவர் சொல்லத் தயங்கும் சிறு வேறுபாட்டை வளையத்தின் வாய் பெரிதாக்கிக் காட்டிவிடுகிறது. பொது வழக்காக 25 மி.மீ. விட்டத்துக்கு 0.1 மி.மீ. இடைவெளி எனக் கொண்டால், 70 மி.மீ. உருளைக்கு 0.28 மி.மீ. வேண்டும், உருளை 0.1 மி.மீ. மட்டுமே அகன்றிருந்தாலும் இடைவெளி 0.6 மி.மீ. அளவுக்குப் போய்விடும். மேலே ஓர் அளவும், தேய்வு குறைந்த அடியில் ஓர் அளவும் எடுத்து, வேறுபாட்டை 3.14ஆல் வகுத்தால் உருளையின் சரிவு கிடைக்கும். அளக்கும் வளையம் துளைகளின்மீது நிற்கக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

பிஸ்டனையும் கூர்ந்து பார்க்கவேண்டும். 70 மி.மீ. அலுமினியப் பிஸ்டன் 100 பாகை வெப்பம் ஏறினால் ஏறத்தாழ 0.16 மி.மீ. விரிகிறது, வார்ப்பிரும்பு உருளை அதில் பாதியே விரிகிறது. குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்பியவுடன் முழுவேகத்தில் முடுக்கினால், பிஸ்டன் முந்திக்கொண்டு விரிந்து, நான்கு மூலைகளில் உரசிய தழும்புகளைப் பெறுகிறது. புகைபோக்கித் துளையை நோக்கிய பக்கம் மட்டும் உரசியிருந்தால், எரிகலவையில் காற்று மிகுந்து வெப்பம் ஏறியதையோ குளிர்நீர் குன்றியதையோ ஐயுறலாம். குமரிக் கரையிலும் கேரளத்திலும் உள்ள வழக்கம்போலப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் இயந்திரங்களில் கரி படிந்து வளையம் தன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்வதுண்டு. அப்போது உருளை நன்றாக இருந்தும் அழுத்தம் நிற்காது.

அந்த அழுத்தத்தை அளக்கும் அழுத்தமானியின் எண்ணும் இடத்தைப் பொறுத்தது. கடல்மட்டத்துக்கு 800 மீட்டருக்கு மேலுள்ள திருமலையில் காற்றழுத்தம் ஏரிக்கரையில் உள்ளதைவிடப் பத்தில் ஒரு பங்களவு குறைவாகையால், பழுதே இல்லாத இயந்திரமும் அங்கே குறைந்த எண்ணையே காட்டும். எனவே தனித்த ஓர் எண்ணைவிட, இரட்டை உருளை இயந்திரத்தின் இரு எண்களுக்கிடையே உள்ள வேறுபாடே நம்பத்தக்கது.

இத்தனையும் அளந்து, உருளையைக் கடைந்து, பெரிய அளவுப் பிஸ்டன் பூட்டிய பின்னும் சில வாரங்களில் இயந்திரம் மறுபடி இறுகிப்போவதுண்டு. ‘பிஸ்டன் போலி’ என்ற பழி பெரும்பாலும் கடைக்காரர்மேல் விழுகிறது. ஆனால் கிராங்க் தண்டின் முனையிலுள்ள ஆயில் சீல் உப்பால் அரிக்கப்பட்ட தண்டில் உராய்ந்து தேய்ந்திருந்தால், கீழறை உறிஞ்சும் ஒவ்வொரு முறையும் கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. எரிபொருள் விகிதம் குறைய, அதோடு கலந்த எண்ணெயும் குறைய, வெப்பம் ஏறும் அதே வேளையில் மசகும் இல்லாமற்போகிறது. உருளையில் தெரிந்த காயம் கீழறையின் கசிவால் வந்தது. காரணம் அங்கேயே இருக்க, விளைவை மட்டும் மாற்றினால் இயந்திரம் திரும்பத் திரும்பப் பட்டறைக்குத்தான் வரும்.

ஆகவே மூடிப் பூட்டியபின், கார்புரேட்டர் வாயையும் புகை வாயையும் தகடுகளால் அடைத்து, பிஸ்டனை அடிமட்டத்தில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியே கைப்பம்பால் வளிமண்டல அழுத்தத்தின் பாதிக்கும் சற்றுக் குறைவான அழுத்தத்தை மட்டுமே ஏற்றிச் சில நிமிடம் பொறுத்துப் பார்ப்பது நல்லது. முள் இறங்கினால் சோப்பு நீர் தடவிய இணைப்புகளில் எழும் குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அழுத்தம் தாங்கிய சீல் குற்றமற்றது என்று அத்துடன் முடிவுகட்டவும் இயலாது, ஏனெனில் அதன் உதடு உள்நோக்கி மடிந்திருப்பதால் உள்ளழுத்தம் அதைத் தண்டோடு சேர்த்து இறுக்கிவிடுகிறது; காற்றை வெளியே இழுத்து வெற்றிடம் உண்டாக்கிப் பார்க்கும் இரண்டாம் சோதனையில்தான் அது நழுவுவது தெரியவரும்.