இரவலா, விற்பனையா?

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் மாலைவேளையில் பந்துதைக்கும் சிறுவர்களுக்கும் இன்று இங்கிலாந்துக் கழகங்களின் பெயர்கள் மனப்பாடம். அண்மையில் வகுப்பில் மாணவனொருவன் வினவினான்: “ஐயா, திறமையுள்ள இளைஞனை ஒரு கழகம் பிறருக்கு இரவல் கொடுப்பதேன்? விற்றுவிடலாமே?”

நியாயமான கேள்விதான். இரவலால் நன்மையுண்டு என்பதற்கு டேவிட் பெக்கமே சான்று. 1995 இல் மான்செஸ்டர் யுனைற்றட் அவரைப் பிரஸ்டன் கழகத்துக்குச் சிறிதுகாலம் அனுப்பிவைத்தது. ஐந்தே ஆட்டங்கள், இரண்டு கோல்கள். அவற்றுள் ஒன்று மூலையுதையிலிருந்து நேரே வலைக்குள் புகுந்தது! திரும்பியதும் தாய்க்கழகத்தின் லீக் அணியில் அவருக்கு இடம் கிடைத்தது.

கெவின் டி புருய்னவின் கதை வேறு. 2012 இல் அவரை வாங்கிய செல்சி, ஜேர்மனியின் பிறேமன் கழகத்துக்கு ஒரு பருவம் இரவல் கொடுத்தது. நன்றாக ஆடித் திரும்பியவருக்கு மூன்று லீக் ஆட்டங்களிலேயே இடம் வாய்த்தது. 2014 ஜனவரியில் வொல்ஸ்பேர்க் கழகத்துக்கு விற்றனர். அதுவே அவருக்கு நல்வழியாயிற்று; மறு ஆண்டே மான்செஸ்டர் சிற்றி பெருந்தொகை கொடுத்து அவரைப் பெற்றுக்கொண்டது.

றப்பர்க் கன்றைப் பையோடு இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே, நடாது காலங்கடத்தினால் வேர் சுருண்டுவிடும் என்பதைத் தோட்டத்தவர் அறிவர். ஆண்டுக்கொரு கழகமாக அலையும் இளைஞனின் நிலையும் அதுவே. இதனைத் தடுக்கவே உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் 2022 ஜூலையில் விதியொன்று கொணர்ந்தது. பிறநாட்டுக் கழகங்களுக்கு இரவலாக அனுப்பக்கூடியோர் எட்டுப்பேர் என்று வரையறுத்து, 2024 இல் ஆறாகக் குறைத்தது. ஆயினும் 21 வயது வரையுள்ளோரும், கழகமே பயிற்றி வளர்த்தோரும் அவ்வரம்பில் அடங்கார். யாருக்குக் காப்பு மிகத் தேவையோ அவர்களையன்றோ வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்!

திரும்பி வந்தால் இடமுண்டெனில் இரவல் கொடுக்கலாம். இல்லையெனில் விற்பதே நேர்மை என்றேன். இழக்க மனமில்லையேல் மீள வாங்கும் உரிமையை எழுதிக்கொள்ளலாம். ரியல் மட்றிட் 2012 இல் கர்வஹாலை லெவர்குசனுக்கு விற்று, மறு ஆண்டே அவ்வாறு மீட்டுக்கொண்டது.

மாணவன் விடவில்லை. “அந்த இளைஞனைக் கேட்பார்களா, ஐயா?”

கேட்டேயாகவேண்டும், அவன் கையெழுத்தின்றி இரவலுமில்லை, விற்பனையுமில்லை. ஆனால் பதினெட்டு வயதில், எதிரே பெரியவர்கள் பேனாவை நீட்டும்போது, “மாட்டேன்” என்று சொல்ல எத்தனை பேருக்கு நா எழும்?