கனவென்று அறிந்து காணும் கனவு

கற்பிட்டிக் குடாநாட்டின் கடலோரத்தே அமைந்த தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தின் தோற்றம் பற்றிக் கர்ணபரம்பரைக் கதையொன்று உண்டு. மன்னாரிலிருந்து கொழும்பு நோக்கி நடந்த ஏழைப் போர்த்துக்கேயன் ஒருவன் களைப்பினால் அங்கொரு மரத்தடியில் துயின்றான். கனவில் ஒளி சூழ்ந்த திருவுருவத்தைக் கண்டான். விழித்தபோது அவ்வுருவம் அங்கேயே இருந்தது என்பர். தான் கண்டது கனவென அவன் அறிந்தது விழித்த பின்னரே. நம்மிற் பலரின் கனவும் அத்தகையதே. கனவு நிகழும்போதே அதனைக் கனவென்று உணர்தல் இயலுமோ?

இயலும் என்று சொன்னோர் பலர்; சான்று காட்டுதலே அரிதாயிருந்தது. கனவு மிகும் துயிலில் உடற்றசைகள் தளர்ந்து கிடப்பினும் கண்கள் அசையும். ஆதலின், கனவை உணர்ந்தவுடன் கண்களை இடமும் வலமுமாகக் குறித்த முறையில் அசைக்குமாறு துயில்வோனிடம் முன்னரே சொல்லிவைத்து, அச்சைகையை 1975இல் இங்கிலாந்தின் ஹல் சர்வகலாசாலையில் கீத் ஹேர்ன் என்பார் கருவியிற் பதிவுசெய்தார்.

இத்திறனுக்கு வித்து பகற்பொழுதிலேயே இடப்படுகின்றது. உப்பளத்தில் உப்பு வாருபவரும், களப்போரத்தில் வலை பொத்துபவரும் நாளிற் பலமுறை, 'இது நனவோ, கனவோ?' என வினவலாம். வாயளவில் வினவுதல் போதாது, சோதித்தல் வேண்டும். எழுத்தொன்றை வாசித்து, கண்ணை அகற்றி, மீண்டும் வாசித்தால், கனவில் அது பெரும்பாலும் மாறியிருக்கும். காலையில் விழித்ததும் அசையாது கிடந்து, கண்ட கனவை நினைவுகூர்ந்து எழுதிவைத்தல் இரண்டாவது பழக்கம். மூன்றாவது தியானம். மூச்சைக் கவனித்திருப்பவர், மனம் அலைந்ததை அலைந்தவுடன் அறியப் பழகுகிறார். கனவை அறிதலும் அதை ஒத்ததே. எனினும் அவசரம் உதவாது. நெடுங்காலம் தியானம் பயின்றோர்க்கு இத்தகைய கனவுகள் மிகுதி எனவும், எட்டு வாரப் பயிற்சி மாத்திரம் பெற்றோர்க்கு அவை கூடவில்லை எனவும் 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று.

இது வெறும் வேடிக்கையன்று. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் அடைக்கலம் புகுந்தனர். போரும் இடப்பெயர்வும் கண்டவரைத் தீக்கனவுகள் ஆண்டுக்கணக்காய்த் தொடர்வதுண்டு. துரத்தும் உருவம் கனவே என்று உணர்ந்தவர் ஓடாது நின்று திரும்பிப் பார்க்கலாம். அவ்வுணர்வு கைகூடாதவர்க்கும் வழியுண்டு: பகலில் அமைதியாயிருந்து, அக்கனவின் முடிவைத் தாம் விரும்பியவாறு மாற்றி, மாற்றிய கதையை நாடோறும் சில நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்த்தல். மருத்துவர்கள் கையாளும் முறை இது. பலர்க்குத் தீக்கனவு குறைந்துள்ளது.

நனவையும் கனவையும் பிரித்தறிய இயலாது மயங்கும் நோயுடையோர் மருத்துவரைக் கேளாமல் இவற்றில் இறங்கலாகாது. நடுச்சாமத்திற்குப் பின் வேண்டுமென்றே விழித்தெழுந்து மறுபடி துயிலும் முறையொன்றும் உண்டு. விடியுமுன் வள்ளம் தள்ளப் போகும் மீனவர்க்கு அது பொருந்தாது. உள்ள துயிலும் கெடும். அவர்க்குப் பகற்பயிற்சியே போதும்.