முன்கைக்குள் இன்னும் அசையும் விரல்கள்

ஒரு கையால் மறு கையின் முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பாருங்கள். உள்ளே தசை நெளிவது தெரியும். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் உள்ளங்கையில் இல்லை, அங்கேதான் இருக்கின்றன. ஆகவே, மணிக்கட்டோடு கை போனவர் சுண்டுவிரலை மடக்க நினைத்தாலும் அதற்குரிய தசை சுருங்கும். இழுபட விரல்தான் இல்லை. மலேசியாவில் கிள்ளான் பக்கம் தொழிற்சாலை இயந்திரத்தில் கையைப் பறிகொடுத்தவருக்கு நம்பிக்கை இங்கேதான் தொடங்குகிறது.

இப்போது புழக்கத்தில் உள்ள மின் செயற்கைக் கைகள், தோல்மேல் ஒட்டிய மின்முனைகள் வழியாகத் தசையின் மின்துடிப்பைப் பிடிக்கின்றன. துடிப்போ மிகச் சன்னமானது. ஆழத்துத் தசையின் துடிப்பு பக்கத்துத் தசையினுடையதோடு கலந்துவிடும். வியர்த்தால் இன்னும் குழம்பும். நம் ஊர்ப் புழுக்கத்தில், கையைப் பொருத்தும் சாக்கெட்டுக்குள் வியர்க்காமல் இருக்குமா? கடைசியில் பலருக்குக் கையைத் திறப்பதும் மூடுவதும்தான் மிஞ்சுகிறது.

இதற்கு மாற்றாக ஆராயப்படும் அல்ட்ராசவுண்ட் மின்துடிப்பைத் தேடுவதில்லை. கருவிலுள்ள குழந்தையைக் காட்டும் அதே ஒலியலை, தசை அசைவதையே படம் பிடிக்கிறது. ஆட்காட்டி விரலுக்குத் திரையில் ஒரு சாம்பல் திட்டு நகரும். மோதிர விரலுக்கு வேறொன்று. கையை இழந்தவரின் தசை அசைவுகளைக் கணினிக்குப் பழக்கிவிட்டால், அது செயற்கைக் கையின் மோட்டார்களை இயக்கும். ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தின் யோங்-பிங் செங் குழு 2006-லேயே இந்த வழியை முன்வைத்தது. தனித்தனி விரல் அசைவைப் பிரித்தறியலாம் என்று அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் சித்தார்த்த சிக்தாரின் குழு 2014-ல் காட்டியது. 2017-ல் ஜார்ஜியா டெக்கில், வலக்கையை இழந்த டிரம்ஸ் கலைஞர் ஒருவர் இத்தகைய கையால் விரல் விரலாகப் பியானோ வாசித்தார்.

விற்பனைக்கு வர இன்னும் வேலை இருக்கிறது. ஒலியலை உள்ளே போக ஜெல் வேண்டும், அது காய்ந்துவிடும். உணரி இம்மி விலகினாலும் படம் மாறும். பேட்டரியும் நாள் முழுக்கத் தாங்க வேண்டும்.

இங்கே கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்திலும் செயற்கை உறுப்பு ஆய்வு நடக்கிறது. சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் சந்தாதாரருக்குச் செயற்கை உறுப்பும், மலாக்காவிலுள்ள அதன் மறுவாழ்வு மையத்தில் சிகிச்சையும் கிடைக்கின்றன. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலை விபத்துக் காப்பு உண்டு. இந்த வெப்பத்தில், இங்குள்ள தொழிலாளர்களிடமே புதிய கைகள் சோதிக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதுவரை தசை வாடிவிடக் கூடாது. கையை இழந்தவர்கள் முதல் சந்திப்பிலேயே, இல்லாத விரல்களை அசைக்கும் பயிற்சியைப் பற்றி இயன்முறை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.