கடை கைமாறும்போது

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் வழியில் கோவில்பட்டியில் இறங்குகிறவர்கள், கடலை மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றேனும் வாங்காமல் திரும்புவது அரிது. வறுத்த நிலக்கடலை, வெல்லப்பாகு, மேலே வண்ணம் ஏற்றிய தேங்காய்த் துருவல். இவ்வளவே அதன் பொருள்கள். ஆனால் அப்பொட்டலத்தின் மேல் இரண்டு பெயர்கள் உள்ளன. ஒன்று கடையின் பெயர். மற்றொன்று ஊரின் பெயர். கடையை விற்கிறவர் இவ்விரண்டில் எதனை விற்கலாம்? எதனை விற்க இயலாது?

இக்கேள்வியை என்னிடம் முதலில் எழுப்பியவர் எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர். மானாவாரி நிலத்தில் மழையை நம்பிச் சலித்த குடும்பம். நிலத்தில் ஒரு பகுதியை விற்று, அந்தப் பணத்தில் நடந்துகொண்டிருந்த மிட்டாய்க் கடை ஒன்றை வாங்கினார். வாய்ப்பேச்சே உடன்படிக்கை. சில மாதங்களில் பழைய காலத்து வரிப் பாக்கிக்கு அறிவிப்பு வந்தது. கடையை விற்றவரோ இரண்டு தெரு தள்ளி அதே தொழிலை மீண்டும் தொடங்கிவிட்டார். “நிலத்தை விற்றபோது நான்கெல்லையும் எழுதிக் கொடுத்தேன். கடையை வாங்கும்போது எதையும் எழுதிக்கொள்ளவில்லையே!” என்றார் அவர். கடைக்கும் நான்கெல்லை உண்டு என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதல் எல்லை, வரியும் கடனும். 2017-ஆம் ஆண்டுச் சரக்கு, சேவை வரிச் சட்டத்தின் 85-ஆம் பிரிவின்படி, தொழில் கைமாறும் நாள்வரை செலுத்தப்படாத வரி, வட்டி, தண்டம் ஆகியவற்றுக்கு விற்றவரும் வாங்கியவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாளிகள். கைமாறிய பிறகு கணக்கிடப்பட்ட பாக்கியாயினும் பொறுப்பு நீங்குவதில்லை. வெளியிலிருந்து வரவேண்டிய கடன்களுக்கும் விதி உண்டு. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டப்படி அவற்றை எழுத்து மூலமாகவே மாற்ற வேண்டும். கடன்பட்டவருக்கு அறிவிப்பும் தர வேண்டும். அறிவிப்பின்றி அவர் பழைய உரிமையாளரிடமே பணத்தைச் செலுத்திவிட்டால், அவரை மீண்டும் கேட்க முடியாது.

இரண்டாம் எல்லை, தொழிலாளர். பாகு பதம் பார்ப்பவரும், சூடு ஆறுமுன் வெட்டுபவரும், பொட்டலம் கட்டும் பெண்களும் அடுப்போடும் வாணலியோடும் சேர்த்து விற்கப்படும் பொருள்கள் அல்லர். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் இதற்கு ஒரு நெறி வகுத்தது. ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து உழைத்தவரின் பணி இடையறாமல் தொடர வேண்டும்; ஊதியமும் நிபந்தனைகளும் குறையக்கூடாது; பழைய பணிக்காலத்தைப் புதியவர் ஏற்க வேண்டும். இல்லையேல் அவருக்கு முன்னறிவிப்பும் இழப்பீடும் உண்டு. 2020-ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் தொகுப்பிலும் இந்நெறி இடம்பெற்றிருக்கிறது.

மூன்றாம் எல்லை, உரிமமும் நற்பெயரும். உணவுத் தொழிலுக்கு உரிமமோ பதிவோ கட்டாயம். உரிமையாளர் இறந்துபோனால், வாரிசுகளின் நலனுக்காக அது 90 நாள் நீடிக்கும். அதற்குள் அவர்கள் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். விலைக்கு வாங்கியவரோ, தம் பெயரில் உரிமம் உள்ளதா என்று தெளிந்த பின்னரே அடுப்பை மூட்ட வேண்டும். இனி நற்பெயர். தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை செல்லாது என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் பொது விதி. ஆயினும் 27-ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. நற்பெயரை விலைக்குக் கொடுத்தவர், குறிப்பிட்ட எல்லைக்குள், நியாயமான அளவில், அதே தொழிலை நடத்துவதில்லை என்று ஒப்புக்கொள்ளலாம். நம் இளைஞர் அப்படி ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை. ஆகவே இரண்டு தெரு தள்ளித் திறந்த கடையை அவரால் தடுக்க முடியவில்லை.

நான்காம் எல்லைதான் பெயர். கடையின் பெயர் பதிவு பெற்ற வணிகக் குறியாயின், அதை விற்கலாம்; விற்றதையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இக்காலத்தில் பெரிய நிறுவனத்தின் பெயரையும் முறையையும் கட்டணத்துக்குப் பெற்று நடத்தும் கடைகள் பெருகியுள்ளன. இவற்றைப் பிரான்சைஸ் என்பர். இவற்றுக்கென நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை, ஒப்பந்தமே வழிகாட்டி. அங்கே பெயர் கடைக்காரருடையது அன்று. ஆகையால், நிறுவனத்தின் எழுத்து மூலமான இசைவின்றிக் கடை கைமாறக்கூடாது என்பதே அத்தகைய ஒப்பந்தங்களின் வழக்கமான விதி.

ஊரின் பெயரோ இவை எல்லாவற்றினும் வேறானது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் புவிசார் குறியீடு பெற்றது. 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி இந்த உரிமையை விற்கவோ, வாடகைக்கு விடவோ, அடகு வைக்கவோ இயலாது. பதிவு பெற்ற பயனாளர் இறந்தால் மட்டுமே அது வாரிசுக்குச் செல்லும். கடையை வாங்கியவர், இவ்வட்டாரத்தில் முறைப்படி மிட்டாய் செய்பவராக இருந்து, தாமே விண்ணப்பித்துப் பயனாளராகப் பதிவு பெற வேண்டும். எத்தனை இலட்சம் கொடுத்தாலும் ஒருவர் மற்றொருவருக்குக் ‘கோவில்பட்டி’ என்னும் பெயரை எழுதிக் கொடுக்க முடியாது. அது கடலை விளைவித்தவருக்கும், பாகு காய்ச்சியவருக்கும், தலைமுறைகளாக அந்தப் பக்குவத்தைக் காத்தவருக்கும் பொதுவான பெயர் அன்றோ?

அவ்விளைஞர் வரிப் பாக்கியைச் சிறுகச் சிறுகக் கட்டி முடித்தார். இன்று அவர் கடை நடக்கிறது. ஆனால் விற்ற நிலத்தின் விலையில் ஒரு பங்கு, எழுதாமல் விட்ட ஒரு தாளுக்காகப் போயிற்று. மாணவர்களே, கரிசல் காட்டுக் குடும்பங்கள் பலவற்றில் முதன்முதலாகச் சட்டத்தின் மொழியைப் படிக்க வல்லவர்கள் நீங்கள்தாம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நாளை ஒரு கடையை வாங்கவோ விற்கவோ முற்படும்போது, கையெழுத்துக்கு முன் அந்தத் தாளை வாங்கி ஒருமுறை படியுங்கள். நான்கெல்லையும் அதில் உண்டா என்று பாருங்கள்.