ஒரு முள், இரு கரை

"ரெக்கார்டில் ஒரே பள்ளம், ஒரே முள். அப்புறம் எப்படி இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் புல்லாங்குழல் என்று பிரிந்து கேட்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் 2022இல் சி.டி.க்களைவிட இசைத்தட்டுகள் அதிகம் விற்றன. அதிலிருந்து 'அனலாக்தான் உயிருள்ள இசை' என்ற பேச்சு ஓயவில்லை. எனக்கு அந்தப் பேச்சைவிட இந்தக் கேள்விதான் பிடித்திருக்கிறது.

தலைமுடி அகலமே உள்ள அந்தப் பள்ளத்தின் இரு சுவர்களும் 45 டிகிரி சாய்ந்து, அடியில் செங்கோணத்தில் சேர்கின்றன. உட்சுவரில் இடக்காதுக்கான ஒலி, வெளிச்சுவரில் வலக்காதுக்கானது.

வயலில் அதே வடிவில் ஒரு வாய்க்கால், அதில் ஒரு தேங்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடக்கரைக்காரர் தன் சரிவில் மண் அப்புகிறார். தேங்காய் வலக்கரைச் சரிவை ஒட்டியே வழுக்கி மேலேறும். வலக்கரை மண் கொஞ்சமும் கலையாது. இருவரும் சேர்ந்து அப்பினால் தேங்காய் நேரே எழும்பும். ஒருவர் அப்ப, மற்றவர் அதே அளவு வழித்தெடுத்தால் பக்கவாட்டில் நகரும். இரவெல்லாம் இருவரும் அப்பி வழித்தாலும், தேங்காய் போன தடத்தை வைத்தே யார் எவ்வளவு மண் போட்டார் என்று பிரித்துச் சொல்லிவிடலாம். முள்ளோடு இணைந்த இரண்டு கம்பிச் சுருள்கள் செய்வது இந்தக் கணக்கைத்தான்.

நடுவில் ஒலிக்கும் பாடகர் குரல் இரு காதுக்கும் பொது. அதற்கு ஒரு சுவர் ஏற, மற்றது இறங்கும்படி வெட்டுகிறார்கள். முள் பக்கவாட்டில் மட்டும் ஆடும். பழைய மோனோ தட்டுகளிலும் முள் அப்படித்தான் ஆடியது என்பதால், அவையும் புதுக் கருவியில் பாடின.

இந்த யோசனைக்கு லண்டன் பொறியாளர் ஆலன் புளூம்லைன் காப்புரிமை கேட்டது 1931இல். ஸ்டீரியோ தட்டு கடைக்கு வர 1958 ஆனது. 1942இல் ரேடார் சோதனை விமானம் விழுந்து 38 வயதில் இறந்த அவர் அதைப் பார்க்கவில்லை.

இனி அந்த 'உயிருள்ள இசை' பேச்சு. அப்படிப் பேசுபவர்கள், சி.டி. நொடிக்கு 44,100 முறைதான் ஒலியை அளக்கிறது, இடையில் உள்ளது தொலைகிறது என்பார்கள். தவறு. காதுக்கு எட்டும் 20,000 ஹெர்ட்ஸ் வரை அந்த அளவுகளிலிருந்தே அலையை முழுதாக மீட்கலாம். இசைத்தட்டுதான் உள்ளே போகப் போகத் திணறுகிறது: வெளி ஓரத்தில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் முள்ளைக் கடக்கும், உள் ஓரத்தில் 21 செ.மீ.தான். துல்லியத்தில் டிஜிட்டலே மேல்.

ஆனாலும், வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இருந்தால் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டுத் தட்டைச் சுழலவிடுங்கள். முள்ளருகே காதை வையுங்கள். கொசுக்குரலில் பாட்டு கேட்கும். ஸ்பீக்கர் இல்லாமல், பள்ளம் முள்ளை ஆட்டுவதால் மட்டுமே எழும் ஒலி அது.